காது போன கதை: ஓர் ஓலை யானையின் திருமலைப் பயணம்

#1 ஓலையானை

போன வாரம் உங்களில் ஒருவர் நிலாவெளியில் நின்ற வெள்ளை வான் ஒன்றைப் படம் எடுத்து இங்கே போட்டு, "முன்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ஓலை யானைக்கு ஏன் ஒரு காது மஞ்சள், மறு காது பச்சை?" என்று கேட்டிருந்தார். பதினேழு பேர் பதில் எழுதினீர்கள். வெயில் பட்டது, பூஞ்சணம் பிடித்தது, கண்ணூறு கழிக்க மாற்றிக் கட்டியது என்று ஆளுக்கொரு காரணம். யானையையே கேட்டுவிடலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆகவே நானே வந்திருக்கிறேன்.

பிறந்தது யாழ்ப்பாணத்தில், அப்பாச்சியின் மடியில். குட்டான் என்ற ஓலைப்பெட்டி ஒன்று பின்னி முடித்ததும் மிஞ்சிய சார்வோலையில், அதாவது இளம் பனையோலையில், கைவாக்காகப் பின்னப்பட்டவன். உயரம் ஏழு அங்குலம். கண்கள் குன்றிமணி. எடை, ஒரு சரைக் கச்சானை, அதாவது ஒரு பொட்டலம் வேர்க்கடலையை, விடக் குறைவு. "நீ இனி வானில் போகலாம்" என்று அப்பாச்சி சொன்னார். சிறகு எப்போது பின்னப்போகிறார் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். மூன்றாம் நாள் சாரதி மாமா வந்து, என்னைத் தூக்கிக்கொண்டுபோய் தன் டொல்பின் வானின் முன்பலகையில் ஒட்டினார். ஒரே வண்டிக்கு ஆகாயத்தின் பெயரும் மீனின் பெயரும் இருந்தால், அதற்குள் இருக்கும் யானை என்னவென்று நினைப்பது?

என் உத்தியோகம் வழித்துணை. அந்தப் பதவியில் எனக்கு முன்பே ஒருவர் இருந்தார்: அதே முன்பலகையில், பிளாஸ்டிக்கில் செய்த ஒரு பிள்ளையார். அவருக்கும் யானைத் தலை, எனக்கும் யானைத் தலை. அவருக்கு ஊதுபத்தி, எனக்கு அதன் சாம்பல். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பதிவில் இருக்கட்டும் என்று சொல்கிறேன்.

வானில் பதினொரு இருக்கைகள், பதின்மூன்று பேர். நான்கு நாள் திருமலைப் பயணம், அதாவது திருகோணமலைக்கு. காது எப்படிப் போனது என்று சொல்கிறேன், ஆனால் வரிசையாகத்தான் சொல்வேன். அது இரண்டாம் நாள் பின்னேரம்தான் போகிறது. அவசரக்காரர்கள் அதுவரை வேறு இழையில் உலாவி வரலாம்.

#2 சந்தேகசுந்தரம்

டொல்பின் மீன் அல்ல, பாலூட்டி. முதல் பதிவிலேயே பிழை. ஏழு அங்குல ஓலை எப்படித் தட்டச்சு செய்கிறது என்ற கேள்வியை இப்போதைக்கு ஒத்திவைக்கிறேன். படம் எங்கே? படம் இல்லாத பயணக் கதையை நான் வாசிப்பதில்லை. இதை வாசித்துவிட்டேன் என்பது வேறு விடயம்.

#3 பின்சீட்டுச்சாட்சி

இந்த யானை ஒட்டப்பட்டிருந்த வானில் நானும் இருந்தேன். கடைசி வரிசை, இடது ஓரம், காலடியில் தண்ணீர்க் கலன். வீட்டாருக்குத் தெரியாமல் மூன்று வருடமாக இந்தக் களத்தில் உறுப்பினன். யானை அளக்கும் இடங்களில் திருத்துவேன்.

முதல் திருத்தம்: பதின்மூன்று பேர் அல்ல, பதினான்கு. சித்தியின் தங்கையை யானை எண்ணவில்லை. அவர் வவுனியா வரை பொலித்தீன் பைக்குள் முகத்தை வைத்தபடி குனிந்திருந்ததால் முன்பலகையிலிருந்து தெரிந்திருக்காது.

கோட்டைக்குள் நடந்ததை மட்டும் என்னிடம் கேட்க வேண்டாம். அந்த நேரம் நான் அச்சாறு வாங்கப் போயிருந்தேன்.

#4 ஓலையானை

பதினான்கை ஏற்கிறேன். அச்சாற்றையும் குறித்துக்கொண்டேன்.

விடியற்காலை 4 மணிக்குப் புறப்படுவதாகத் தீர்மானம். சாரதி மாமா சொன்ன நேரத்துக்கு நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டார். அப்போது சித்தி, சுடுதண்ணீர்ப் போத்தலைக் காணவில்லை என்றார். குசினி, கிணற்றடி, சாமி அறை எல்லாம் தேடி, கடைசியில் அது முதல் ஆளாக வானில் ஏறி உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடித்தபோது மணி 5. இதற்குள் வீட்டு ஆடு பின்சக்கரத்து எலுமிச்சம்பழங்கள் இரண்டையும் தின்றுவிட்டது. பிற்பாடு காற்றுப் போனது எந்த டயர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனையிறவு வந்தது. பெயரைக் கேட்டதும் எனக்குச் சிலிர்த்தது. சித்தப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். ஓய்வுபெற்றது பாடசாலையிலிருந்து மட்டும். ஒல்லாந்தர் காலத்தில் வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை இந்த ஆழமில்லாத நீரேரியைக் கடக்கவைத்து யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய், விற்று, கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள் என்று விளக்கினார். என் இனம் முழுவதும் வடக்கே போன வழியில் நான் ஒருவன் தெற்கே போகிறேன் என்று நெஞ்சு நிமிர்ந்தது. உப்பளம் தாண்டுவதற்குள் சின்னவள் தும்மினாள். நான் பிள்ளையாரின் காலடியில் கவிழ்ந்தேன். சின்னவளுக்கு ஐந்து வயது. தும்மலுக்கு ஐம்பது இருக்கும்.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் நிறுத்தாமல் போகும் வாகனத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. அங்கே தேங்காய் உடைத்தார்கள், கற்பூரம் கொளுத்தினார்கள், பிறகு பயணத்தின் உண்மையான நோக்கத்துக்கு வந்தார்கள்: கச்சான். ஆளுக்கு இரண்டு சரை. மாங்குளம் வரை வானில் ஒரு பேச்சில்லை, உடைக்கும் சத்தம் மட்டும். கோதைப் போட இடம் தேடிய கைகளுக்கு என் நான்கு கால்களுக்கு நடுவே இருந்த இடைவெளி வசதியாகப் பட்டது.

வவுனியா தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் ஆடு தின்ற எலுமிச்சம்பழம் பலித்தது. உதிரி டயர் இருந்தது. அது எல்லாப் பொதிகளுக்கும் அடியில் இருந்தது. பயணப் பெட்டிகள், பாய், ஒரு குலை கதலி வாழைப்பழம், புட்டுக் கடகம், சித்தப்பாவின் சாய்வு நாற்காலி (ஏன் என்று யாரும் கேட்கவில்லை), எல்லாம் வீதியோரத்தில் இறங்கின. எங்களைக் கண்ட மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர், சந்தை என்று நினைத்து வாழைப்பழம் என்ன விலை என்று கேட்டார். சித்தி விலை சொன்னார். விற்றும் விட்டார்.

இப்படியாக, ஹொரவப்பொத்தானைப் பக்கம் வரும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. அங்கேதான் அவர் நின்றார். வீதிக்குக் குறுக்கே, நிஜமாகவே. காட்டு யானை.

சாரதி மாமா வானைப் பின்னுக்கு எடுத்து நிறுத்தி, விளக்கைக் குறைத்தார். ஒருவரும் மூச்சு விடவில்லை. சின்னவள் மட்டும் ஓடிவந்து என்னைப் பிய்த்தெடுத்து இருக்கைக்கு அடியில் ஒளித்தாள். "இதைக் கண்டால் அது கோபிக்கும்" என்றாளாம். ஓர் யானை இன்னொரு யானையைச் சந்திக்கக் கிடைத்த ஒரே தருணத்தை நான் சித்தியின் தங்கையின் பொலித்தீன் பைக்குப் பக்கத்தில் கழித்தேன். இருபது நிமிடம். மேலே அப்பாச்சி தேவாரம் பாடிக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது. பிறகு "போய்விட்டது, போய்விட்டது" என்றார்கள். என்னைத் திரும்ப ஒட்டும்போது பின்பக்கம் பார்த்து ஒட்டிவிட்டார்கள். அன்றிரவு திருமலைக்குள் நான் முதுகைக் காட்டியபடிதான் நுழைந்தேன்.

#5 மட்டுநகர்வாவி

நாங்கள் மட்டக்களப்பிலிருந்து அடுத்த மாதம் வரலாம் என்று இருக்கிறோம். இதே போன்ற வான் ஒன்றை நான்கு நாளைக்குப் பிடிப்பதானால் சாரதிக்கு சாப்பாடும் தங்குமிடமும் நாங்களா பார்ப்பது? யானைக் கதை நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்கு இது அவசரம்.

#6 கோட்டைவாசல்

வாவி, பொதுவாக நீங்கள்தான் பார்க்க வேண்டும். பேசும்போதே தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். நான்காம் நாள் பேசினால் கசப்பு.

நான் திருமலை நகரத்தான். யானை சிரிக்கச் சிரிக்க எழுதினாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஹொரவப்பொத்தானை வழியானாலும் ஹபரணை - கந்தளாய் வழியானாலும், பொழுது சாய்ந்த பிறகு அந்தக் காட்டு வீதிகளில் வராமல் இருப்பது நல்லது. யானை நின்றால் கோர்ன் அடிக்காதீர்கள், வாழைப்பழம் எறியாதீர்கள். எறிந்து பழக்கியதால்தான் சில யானைகள் வாகனத்தைக் கண்டால் வரி வசூலிக்க வருகின்றன. அந்தச் சாரதி செய்தது சரி.

கிழக்குக் கடல் ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரை அமைதி. மார்கழியில் வந்து, படகு ஓடவில்லை என்று எங்களை ஏசுவதில் பயனில்லை. இப்போது இங்கே கச்சான் அடிக்கிறது. தொப்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

#7 ஓலையானை

கச்சான் அடிக்கிறது என்று விடுதிக்காரர் சொன்னபோது நான் முறிகண்டிக் கோது மழையை நினைத்து நடுங்கினேன். இந்த ஊரில் அது மேற்கிலிருந்து வீசும் காற்றின் பெயர் என்று சித்தப்பா சொன்ன பிறகுதான் கால்கள் நேராகின.

இரண்டாம் நாள் காலை கன்னியா. நகரிலிருந்து சுமார் 8 கிலோமீற்றர், அநுராதபுர வீதியில் போய்த் திரும்ப வேண்டும். முதல் நாள் இரவு அந்தத் திருப்பத்தைக் கடந்துதான் வந்திருக்கிறோம். நான் பின்பக்கம் பார்த்திருந்ததால் கண்டது நான் ஒருவன்தான்.

வெந்நீர் ஊற்று என்றதும் குளத்தில் இறங்கி நீந்தலாம் என்று பின்சீட்டுக்காரர்கள் காற்சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். அங்கே இருப்பவை ஏழு சிறு சதுரக் கிணறுகள். இறங்க முடியாது. வாளியால் அள்ளித் தலையில் ஊற்ற வேண்டும். அப்பாச்சி, இராவணன் தன் தாயின் கிரியைக்காக நிலத்தில் ஏழு இடத்தில் குத்தினான், ஏழிலும் வெந்நீர் வந்தது என்றார். சித்தப்பா, நிலத்தடியில் மிக ஆழத்துக்குப் போகும் நீர் பூமியின் சூட்டில் காய்ந்து பாறை வெடிப்பு வழியாக மேலே வருகிறது, எரிமலைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றார். சித்தி, எப்படி வந்தால் என்ன, விறகுச் செலவு இல்லை என்றார். மூன்றையும் கேட்டுக்கொண்டே முதல் வாளி சித்தப்பாவின் தலையில் கவிழ்ந்தது. அவருடைய விளக்கம் "ஐயோ" என்ற ஒரு சொல்லாகச் சுருங்கியது.

ஏழு கிணற்றுக்கும் சூடு ஒன்றல்ல. எது கூட, எது குறைவு என்று பந்தயம் தொடங்கியது. விரலை விட்டுப் பார்த்தார்கள், ஒத்துவரவில்லை. நடுநிலையான ஒருவர் வேண்டும் என்று என்னைத் தும்பிக்கையில் பிடித்து ஒவ்வொரு வாளியாக முக்கினார்கள். நான் என்ன தீர்ப்புச் சொல்ல முடியும்?

இதனால் விளைந்ததை மட்டும் கவனியுங்கள். ஓலை பின்னுகிறவர்களுக்குத் தெரியும்: காய்ந்த ஓலையை ஈரப்படுத்தினால் பதமாகும், வளையும், பழைய வாசம் திரும்பவும் வரும். நான் வானில் ஏறும்போது தோட்டத்திலிருந்து அன்று பறித்தவன் போல மணந்தேன். "அட, புதிது போல வந்துவிட்டதே" என்று அப்பாச்சி முகர்ந்து பார்த்துச் சந்தோஷப்பட்டார். புல் தின்னும் எவரும் அப்படியே சந்தோஷப்படுவார்கள் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

#8 சந்தேகசுந்தரம்

சூடு ஒன்றல்ல என்பது மனப்பிரமை. ஒரே இடத்தில் சில அடி இடைவெளியில் இருக்கும் ஏழு கிணறுகள். வெப்பமானி வைத்து அளந்தீர்களா?

#9 கோட்டைவாசல்

வித்தியாசம் உண்டு சுந்தரம். சிறிய வித்தியாசம்தான். நான் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து குளிக்கிறேன். வெப்பமானியாக என் முதுகை ஏற்றுக்கொள்ளுங்கள்.

#10 மட்டுறுத்துநர்

கிணறுகள் யாருடையவை என்று தொடங்கிய ஐந்து பதிவுகளை வேறு இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். அங்கே போய்ச் சண்டை பிடியுங்கள். இந்த இழை ஒரு காதைப் பற்றியது.

#11 ஓலையானை

நன்றி. இப்போது காது.

அன்று பின்னேரம் கோணேசர் கோயில். கோயிலுக்குப் போவதென்றால் பிரெட்ரிக் கோட்டையின் வாசலுக்குள்ளால்தான் போக வேண்டும். சித்தப்பா வானை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார். 1622இல் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்ததையும், 1624இல் அந்தக் கல்லைக்கொண்டே கோட்டை கட்டியதையும், பிறகு ஒல்லாந்தர் பிடித்ததையும், ஆங்கிலேயர் வந்து 1803இல் தங்கள் அரசரின் மகன் பெயரை வைத்ததையும் அவர் சொல்லி முடிப்பதற்குள் எங்களுக்குப் பின்னால் மூன்று முச்சக்கரவண்டிகளும் ஒரு யாத்திரிகர் பஸ்ஸும் சேர்ந்து கோர்ன் அடித்தன. அவர் பஸ் சாரதிக்கும் கொஞ்சம் சொன்னார்.

மேலே காற்று. கச்சான்தான். சுவாமி மலையின் உச்சியில் நின்றால் மூன்று பக்கமும் கடல். இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவைக் குனிந்து பார்த்த சித்தியின் தங்கைக்குப் பொலித்தீன் பை மறுபடி தேவைப்பட்டது. பிள்ளைவரம் கேட்டுக் கட்டிய சின்னஞ்சிறு தொட்டில்கள் மரத்தில் ஆடிக்கொண்டிருந்தன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இந்த மலையடியில் கடலுக்குள் இறங்கி, பழைய கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டார்கள் என்று சித்தப்பா சொன்னபோது பையன்கள்கூடக் கேட்டார்கள். அந்த இடத்தில் மட்டும் எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. கீழே அலை அடிக்கும் இடத்தைக் காட்டி, "இதற்குள் ஒரு கோயில் கிடக்கிறது" என்றார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன்.

தரிசனம் முடிந்து இறங்கி வந்தோம். கோட்டைக்குள் புள்ளிமான்கள் திரிவது உங்களுக்குத் தெரியும். ஆல மரத்தடியில் படுத்திருக்கும், முச்சக்கரவண்டிக்குள் தலையை விட்டுப் பார்க்கும். என்னைக் கையில் வைத்திருந்த சின்னவள் செருப்பு மாட்ட வேண்டும் என்று ஒரு கட்டை மதிலில் என்னை இருத்தினாள். பக்கத்தில் அவளுடைய பிஸ்கட் பொதியும் இருந்தது. எல்லோரும் செருப்புத் தேடுவதில் இருந்தார்கள். பதினான்கு பேரின் இருபத்தெட்டுச் செருப்புகள். அது ஒரு தனி யுத்தம்.

என் குன்றிமணிகள் கடலைப் பார்த்திருந்தன. பின்னால் யாரோ வந்தது தெரிந்தது. போனதும் தெரிந்தது. சற்று நேரத்தில் இன்னொருவர் வந்தார், நான்கு காலில்.

மான்விழி என்று பாடாத புலவர் இல்லை. அவர்களில் ஒருவராவது மானுக்கு வாய் இருப்பதைக் குறிப்பிட்டிருக்கலாம். முதலில் நாக்கு வந்தது, ஈரமான அரம் போல. பிறகு ஒரு இழுப்பு. வலது காது அடியோடு. பிறகு அந்த மெல்லும் சத்தம். உங்கள் காதை ஒருவர் மெல்லுவதை உங்கள் மற்றக் காதால் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டேன்.

கூச்சல் எழுந்தது. சாரதி மாமா ஓடிவந்து மானின் வாயிலிருந்து என் தும்பிக்கையை மீட்டார். ஓலையில் பிஸ்கட் தூள் ஒட்டியிருந்ததைச் சித்தி கண்டார். பிஸ்கட் யாருடையது? சின்னவளுடையது. விசாரணை அவ்வளவுதான். "நான் இல்லை, நான் இல்லை" என்று அவள் அழுததை ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் நிலாவெளியில் அவளுக்கு ஐஸ்கிரீம் இல்லை என்று தீர்ப்பாயிற்று.

அப்பாச்சி மட்டும் என்னைக் கையில் வாங்கிக் கடிபட்ட இடத்தைத் தடவிப் பார்த்தார். "நல்ல ஓலை. அதற்குத் தெரிந்திருக்கிறது" என்றார்.

#12 கோட்டைவாசல்

சிரித்துவிட்டேன், ஆனால் கோபமும் வருகிறது. தயவுசெய்து இந்த மான்களுக்குப் பிஸ்கட், பாண், பொரித்த தீனி எதையும் கொடுக்காதீர்கள். கொடுத்துப் பழக்கித்தான் அவை கோட்டையை விட்டு நகரத்துக்குள் வந்து குப்பையைக் கிளறுகின்றன. எங்கள் வீதியில் மாடும் மானும் ஒரே மரக்கறிக் குவியலில் நிற்கும். சாப்பாட்டு வாசம் பிடித்த பொலித்தீனையும் விழுங்கிவிடுகின்றன. வயிற்றில் அது தங்கினால் மான் பிழைப்பது கடினம். ஓலைக் காது பரவாயில்லை, அது சீரணிக்கும்.

#13 பின்சீட்டுச்சாட்சி

சின்னவள் சின்னப் பிள்ளைதானே, அவளைப் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. யானைக்கும் பசிக்கும் என்று நினைத்துக் காதுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் துண்டைச் செருகியிருப்பாள். இதை இவ்வளவு இழுக்கத் தேவையில்லை. நிலாவெளிக்குப் போகலாமே?

#14 ஓலையானை

போகலாம்.

நிலாவெளியில் ஒரு சாலையோர வீட்டுக்காரர் எங்களுக்கு இரண்டு அறை தருவதாகச் சொல்லி ஒன்றைத்தான் தந்தார். மற்றது முதல் நாளே வேறு குடும்பத்துக்குப் போய்விட்டதாம். சித்தப்பாவின் சாய்வு நாற்காலி அன்று தன் பிறவிப் பயனை அடைந்தது.

புறா தீவைப் பற்றி எழுத மாட்டேன். எனக்கு டிக்கெட் எடுக்கவில்லை. கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர், 2003 முதல் தேசியப் பூங்கா, கறுப்புத் துடுப்பு நுனிச் சுறாக்கள் காலடியில் ஓடின, கடிக்கவில்லை. இவ்வளவும் திரும்பி வந்தவர்கள் ஈரத் தலையோடு கத்திச் சொன்னவை. புறா கண்டீர்களா என்று அப்பாச்சி கேட்டார். ஒருவரும் மேலே பார்க்கவில்லை.

அவர்கள் போயிருந்த நேரத்தில்தான் எனக்கு வைத்தியம் நடந்தது. அப்பாச்சிக்குப் பனஞ்சார்வு வேண்டும். கிடைக்கவில்லை. விழுந்து கிடந்த தென்னங்கீற்றில் ஓர் இலையை எடுத்து, ஈர்க்கை உரித்து, பச்சையாகவே ஒரு காதைப் பின்னினார். பனையில் பின்னிய கை தென்னையில் தடுமாறியது. "வழுக்குகிறது, பிடி நிற்கவில்லை" என்று தனக்குள் முணுமுணுத்தார். மூன்று தடவை அவிழ்த்துப் பின்னினார். நீங்கள் படத்தில் கண்ட பச்சைக் காது அதுதான். சின்னவள் பக்கத்திலிருந்து ஐஸ்கிரீம் வண்டி மணி அடித்துப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

#15 கிண்ணியாத்தோணி

திருமலையில் பனை இல்லை என்று யார் சொன்னது? நிலாவெளிச் சாலை நெடுகப் பனை நிற்கிறதே!

#16 ஓலையானை

நின்றது. நாற்பது அடி உயரத்தில் சார்வும் நின்றது. ஏறுவதற்குத்தான் ஆள் இல்லை. சித்தப்பா ஏறுவதாகச் சொன்னார். அவரைச் சாய்வு நாற்காலியில் இருத்திவிட்டோம்.

#17 கிண்ணியாத்தோணி

எங்கள் பக்கம் வந்தீர்களா? இந்தக் காலத்துப் பிள்ளைகள் பாலத்தில் ஏறி ஒரு நிமிடத்தில் கடந்துவிட்டு "கிண்ணியா பார்த்தோம்" என்கிறார்கள். பாதையில் வந்தவனுக்குத்தான் கிண்ணியா தெரியும்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பாதை என்றால் இங்கே வாகனங்களை ஏற்றிக் கடக்கும் மிதவைப் படகு. பாலம் வருவதற்கு முன் துறையடியில் லொறி, பஸ், மாட்டு வண்டி எல்லாம் வரிசையில் நிற்கும். வரிசை நீண்டால் இறங்கித் தேநீர் குடித்து, உறவு விசாரித்து, சில வேளை சம்பந்தமே பேசி முடித்துவிட்டு ஏறலாம். என் சாச்சாவின் கல்யாணத்தன்று மாப்பிள்ளையும் வாப்பாவும் முதல் பாதையில் வந்துவிட்டார்கள். நெய்ச்சோற்றுச் சட்டிகளை ஏற்றிய வான் அக்கரையில் மாட்டிக்கொண்டது. இக்கரையில் நிக்காஹ் முடிந்து இரண்டு மணிநேரம். மாப்பிள்ளை மாலையோடு துறையடியில் வந்து நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாச்சி இன்றும் சொல்வார்: "கல்யாணத்தன்று உன் சாச்சா என்னைப் பார்த்ததை விட அந்தச் சட்டிகளைத்தான் அதிகம் பார்த்தார்."

இரவில் நோயாளியை வைத்துக்கொண்டு காத்திருந்தவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். அதனால் பாலம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

#18 ஓலையானை

வந்தோம், நான்காம் நாள், தயிருக்காக. சீனக்குடா வழியாகப் போகும்போது சித்தப்பா, ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்க் குதங்கள், அதாவது சேமிப்புத் தாங்கிகள், 99 இங்கே இருக்கின்றன என்றார். பையன்கள் எண்ணத் தொடங்கினார்கள். காட்டுக்குள் மறைந்திருப்பவை வீதியில் போகிறவனுக்கு எப்படித் தெரியும்? எட்டில் நின்றுவிட்டார்கள். சித்தப்பாவின் 99 மீது வானில் பெரும் அவநம்பிக்கை நிலவியது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தில் குண்டு போட்டதைச் சொன்னபோது, "எத்தனை விமானம், எட்டா?" என்று ஒருவன் கேட்டான்.

கிண்ணியாவில் ஒரு பெரியவர், "முன்பெல்லாம் இங்கே பாதைதான்" என்றார். இப்போதும் பாதைதானே என்று நான் பாலத்தைப் பார்த்தேன். உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் விளங்குகிறது. பாலம் 396 மீற்றர், 2009இல் திறந்தது. எங்கள் வான் அதை ஒரு நிமிடத்தில் கடக்கவில்லை, தோணி அவர்களே. நடுவில் சித்தியின் தங்கைக்காக ஒரு தடவை நிறுத்தினோம்.

எருமைத் தயிர் ஆறு சட்டி வாங்கினார்கள். திரும்பும் வழியில் ஐந்துதான் சட்டியில் இருந்தது. ஆறாவது எங்கே இருந்தது என்பதைப் பின்சீட்டு இடது ஓரக்காரர் அறிவார், அவருடைய காற்சட்டையும் அறியும்.

#19 சந்தேகசுந்தரம்

தயிரை விடுங்கள். நான் இந்த இழையை முதலிலிருந்து இன்னொரு தடவை வாசித்தேன். ஒரு விடயம் உறுத்துகிறது.

பதிவு 11இல் யானை எழுதியது: "ஓலையில் பிஸ்கட் தூள் ஒட்டியிருந்ததைச் சித்தி கண்டார்." எங்கே ஒட்டியிருந்தது என்று எழுதவில்லை. பதிவு 13இல் சாட்சி எழுதியது: "காதுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் துண்டைச் செருகியிருப்பாள்."

காதுக்குப் பின்னால் என்பது அச்சாறு வாங்கப் போயிருந்தவருக்கு எப்படித் தெரியும்? காதும் இல்லை, பிஸ்கட்டும் இல்லை, இரண்டும் மானின் வயிற்றில்.

#20 மட்டுநகர்வாவி

அட!

#21 கிண்ணியாத்தோணி

சுந்தரம், உங்கள் சந்தேகத்தால் ஆன முதல் பயன் இதுதான்.

#22 ஓலையானை

நான் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன். பின்னால் வந்த அந்தக் கையில் அச்சாறு மணந்தது. மிளகாய்த்தூளும் வினாகிரியும். சின்னவள் உறைப்புத் தின்னமாட்டாள்.

#23 பின்சீட்டுச்சாட்சி

சரி. நான்தான்.

மான் யானைக்கு முத்தம் கொடுப்பது போல ஒரு படம் எடுக்கலாம் என்று நினைத்தேன். பிஸ்கட்டை மட்டும் எடுக்கும் என்று நம்பினேன். காதோடு போகும் என்று யார் கண்டது? எல்லோரும் சின்னவளைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. நிலாவெளியில் நான் தின்ற ஐஸ்கிரீம் இறங்கவில்லை என்றால் நம்ப மாட்டீர்கள்.

அவளுக்கு இரண்டு வாங்கிக் கொடுப்பேன். வீட்டாருக்கு மட்டும் சொல்லாதீர்கள். எப்படியும் அவர்களில் ஒருவரும் இந்தக் களத்துக்கு வருவதில்லை.

#24 சந்தேகசுந்தரம்

ஆக, படம் இருக்கிறது. முதல் நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

#25 சுடுதண்ணீர்ப்போத்தல் (புதிய உறுப்பினர், முதல் பதிவு)

கடைசி வரிசை இடது ஓரம் உடனே குசினிக்கு வரவும். சின்னவள் இரண்டு போதாது, நான்கு என்கிறாள்.

வரும்போது கைபேசியையும் கொண்டுவரவும். அப்பாச்சி அந்தப் படத்தைப் பார்க்க வேண்டுமாம். மான் எந்தப் பின்னலை முதலில் பிடித்து இழுத்தது என்று தெரிந்தால், அடுத்த யானைக்கு அந்த இடத்தை இரட்டையாகப் பின்னலாம் என்கிறார்.